தூணா இல்ல, காசா இருக்கு: நம்ம ஊரு ரோமாபுரி

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்க.

போன வாரம் ஓ.பி. முடியுற நேரம். சுகர் செக்கப்புக்கு வந்த அண்ணன் ஒருத்தர் இத்தாலி போய்ட்டு வந்த போட்டோ எல்லாம் காட்டினார். பொம்பெயி நகரம். கல் பாவின தெரு, தூண்கள், வீட்டுச் சுவத்துல ஓவியம். "நம்ம சேலம், நாமக்கல் பக்கம் இப்படி ஒண்ணுமே இல்லையே சார்"னு ஒரு பெருமூச்சு.

இருக்குங்க. தூணா இல்ல, காசா இருக்கு.

1987ல சேலம் கோனேரிப்பட்டியில ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைச்சது. சேலத்துல இருந்து நாமக்கல் வழியா கரூர் ரோட்டுல போங்க. பரமத்தி வேலூர் தாண்டி பாலம் ஏறி காவிரியைக் கடந்தா வேலாயுதம்பாளையம் புகழிமலை. முருகனைக் கும்பிடப் போற பல பேர் எட்டிக்கூடப் பார்க்காத சமணர் குகைகள் அந்த மலையில இருக்கு. பாறையில தமிழி எழுத்துல சேர மன்னர்கள் பேரு. கூடவே ஒரு வியாபாரி பேரும் இருக்கு: கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி.

அந்தக் கருவூர்தான் இன்னைக்கு கரூர். அங்க அமராவதி ஆத்து மணல்ல ரோமானியக் காசுகள் நிறைய கிடைச்சிருக்கு.

இத்தாலிக் காசுக்கு இங்க என்ன வேலை? மேற்குக் கடற்கரை முசிறியில இறங்குற சரக்கும் பணமும் பாலக்காட்டுக் கணவாய் வழியா கிழக்க வரும். நொய்யல் கரையில கொடுமணல், அங்க இரும்பு உருக்கு உலையும் கல்மணிப் பட்டறையும். காங்கேயம் பக்கம் படியூர், அங்க பெரில் கல். பிளினிங்கிற ரோமானியர், உலகத்துல நல்ல பெரில் இந்தியாவுலதான் கிடைக்குதுன்னு எழுதினார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகுதேன்னு புலம்பினதும் அவர்தான். கி.பி. 79ல பொம்பெயியைப் புதைச்ச அதே வெசுவியஸ் எரிமலை வெடிப்பில இறந்தவரும் அவரே!

இன்னொரு விஷயம். கி.பி. 64 வாக்கில நீரோ மன்னன் வெள்ளிக்காசோட எடையையும் தரத்தையும் குறைச்சான். மாத்திரை பேரு அதே, உள்ள மருந்து மட்டும் கம்மி! நம்ம பக்கம் கிடைக்குற வெள்ளிக்காசுகள்ல பெரும்பாலும் அவனுக்கு முந்தின அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்தான். நம்மாளுங்க ராஜா முகத்தைப் பார்க்கல, மாத்துப் பார்த்துதான் வாங்கியிருக்காங்கன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. கொங்கு வியாபாரியைத் தெரிஞ்சவங்களுக்கு இதுல ஆச்சரியம் இருக்காது.

1898ல புதுக்கோட்டையில 501 ரோமானியப் பொற்காசு கிடைச்சது. பெரும்பாலானதுல மன்னன் முகத்துக்குக் குறுக்க உளி வெட்டு. செல்லாக் காசுன்னு அடையாளமா, தங்கம் சோதிச்சதா? இன்னும் விவாதம் ஓடுது. ஆனா விவாதிக்க காசாவது கைக்கு வந்துச்சே.

என் கவலை அங்கதான். பொம்பெயித் தூணை யாரும் உருக்க முடியாது. காசை ஒரே ராத்திரியில உருக்கிடலாம். உருக்காம ஒவ்வொண்ணா வித்தாலும் நஷ்டம்தான். நோயாளி பேரு, எடுத்த இடம் எழுதாம லேபுக்கு வர்ற பயாப்சி பாட்டில் மாதிரி ஆயிடும். சதை இருக்கும், ரிப்போர்ட் எழுத முடியாது. எந்தப் பானை, எவ்வளவு ஆழம், பக்கத்துல என்ன ஓடு, இதெல்லாம் சேர்ந்தாத்தான் வரலாறு.

"சொன்னா கவர்மென்ட் சும்மா புடுங்கிட்டுப் போயிடும்"னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு. 1878ஆம் வருஷத்து புதையல் சட்டம் இன்னும் அமல்ல இருக்குங்க. மண்ணுக்குள்ள கிடைச்சதோட மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். அரசு அதை எடுத்துக்கிட்டா, அந்தப் பொருளோட மதிப்பும் அதுக்கு மேல ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தரணும்னு அதே சட்டத்துல இருக்கு.

அதனால வீட்டுக்கு அஸ்திவாரமோ தோட்டத்துல கிணறோ தோண்டும்போது கடப்பாரை பானையில பட்டா, கழுவாதீங்க, இடம் மாத்தாதீங்க. அப்படியே ஒரு போட்டோ எடுத்துட்டு வி.ஏ.ஓ.வுக்கு போன் போடுங்க. புகழிமலைக்குப் போறவங்க, குகை எழுத்து மேல சுண்ணாம்பு தடவிப் படிக்க வேண்டாம். சாயங்கால வெயில் சாய்வா விழும்போது பாருங்க, எழுத்து தானா எடுப்பாத் தெரியும்.