மாறும் வால்வு நேர எஞ்சின் (தென்னிந்தியச் செடான் கார்களில்)

வண்டியின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகள் திறக்கும் நேரத்தையோ, திறக்கும் உயரத்தையோ, சில வகைகளில் இரண்டையுமோ மாற்றிக்கொள்ளும் பெட்ரோல் எஞ்சின். இந்தியச் சாலைகளில் இதை ஆரவாரத்தோடு அறிமுகப்படுத்தியது 2000-ஆம் ஆண்டின் ஹோண்டா சிட்டி விடெக். புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்து, நடுவில் சில ஆண்டுகள் வேகத்தின் அடையாளமாக இருந்து, பிறகு மைலேஜ் வேலைக்குத் திரும்பியது என்று இதன் வரலாற்றைச் சொல்லிவிடலாம்.

நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஓர் உள்வாங்கு வால்வு விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் சிலிண்டர் நிறையக் காற்று புக வேண்டுமானால் வால்வு முன்கூட்டியே திறக்கவும், தாமதமாக மூடவும், நன்றாக உயரவும் வேண்டும். சிக்னலில் 800 சுற்றில் நிற்கும்போது அதே அமைப்பு தொல்லை. உள்ளே வந்த கலவை திரும்பி வெளியேறும், எஞ்சின் நடுங்கும், பெட்ரோல் வீணாகும். சாதாரண கேம்ஷாஃப்டில் இந்த அளவுகள் உலோகத்திலேயே செதுக்கப்பட்டவை. இழுவையா, உச்ச வேகமா என்று வடிவமைப்பாளர் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இந்தச் சிக்கல் நீராவி ரயில் காலத்திலேயே இருந்தது. 1842-இல் வந்த ஸ்டீவன்சன் இணைப்பு இயக்கம், நீராவி உள்ளே போகும் நேரத்தை ஓட்டுநர் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தது. காரில் இத்தகைய ஏற்பாடு விற்பனைக்கு வர 1980 ஆயிற்று. ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடர் காரில் பொருத்தியது. காரணம் அமெரிக்காவின் புகை விதிகள். அந்த ஏற்பாட்டுக்குப் பந்தய மணம் கொடுத்தது ஹோண்டா. 1989-இல் இன்டெக்ரா காரில் வந்த 1.6 லிட்டர் எஞ்சின், டர்போ எதுவும் இல்லாமல் 160 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு நூறு. இகுவோ காஜிதானியின் குழு உருவாக்கிய, விடெக் என்ற அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு வால்வு ஜோடிக்கும் மூன்று கேம் முகடுகள் உண்டு. மெதுவாக ஓடும்போது ஓரத்து முகடுகள் வேலை செய்யும். வேகம் கூடியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி மூன்று ராக்கர் கைகளையும் ஒன்றாகப் பூட்டும். அதன்பின் நடுவிலுள்ள உயரமான முகடு சொன்னபடிதான் வால்வு திறக்கும். ஒரே எஞ்சினுக்குள் இரண்டு சுபாவம். பி.எம்.டபிள்யூ 1992-இல் வானோஸ் என்ற பெயரில் வேறு வழியில் போனது. கேம்ஷாஃப்டையே சற்றுத் திருப்பி நேரத்தை மட்டும் மாற்றியது.

இந்தியாவில் ஹோண்டா சிட்டி 1998-இல் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து 1.5 லிட்டர் விடெக் சேர்ந்தது: 106 குதிரைத்திறன், உச்சம் 6,000 சுற்றுகளுக்கும் மேலே. மறைமலைநகரில் ஃபோர்டு தயாரித்த ஐகான் 1.6 அப்போது அதன் நேர் போட்டி. ஐகானில் மாறும் வால்வு கிடையாது, ஆனால் கீழ் வேகத்தில் பிக்கப் தாராளம். எது சிறந்தது என்ற சண்டை அன்றைய இளைஞர்களிடம் ஓயவே இல்லை.

இந்தச் சண்டையில் சாலைக்கும் ஒரு வாக்கு உண்டு. பழைய என்.எச். 47, இன்றைய 66, மார்த்தாண்டத்திலிருந்து குழித்துறை, களியக்காவிளை கடந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று போகிறது. ஊர் முடியும் முன்பே அடுத்த ஊர். வளைவு, சந்தை, பஸ் நிறுத்தம். இங்கே விடெக்கின் பெரிய முகடு பெரும்பாலும் ஓய்வில்தான் இருக்கும். இரண்டாம் கியரில் ஐகானின் இழுவைதான் இந்த வழிக்குப் பொருத்தம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. விடெக் வைத்திருப்பவர்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

ஹோண்டாவும் இதையே கணக்குப் போட்டது போலும். 2003-இல் வந்த அடுத்த சிட்டியில் விடெக் இல்லை. சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், எட்டே வால்வு, 77 குதிரைத்திறன். ரசிகர்கள் பழித்தார்கள், குடும்பங்கள் வாங்கின. பின்னர் அதே உடலில் விடெக் திரும்பியது. 2008-இல் வந்த ஐ-விடெக் 118 குதிரைத்திறன் தந்தாலும் அதன் உள்வேலை வேறு. மெதுவான ஓட்டத்தில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஓர் உள்வாங்கு வால்வை ஏறக்குறைய மூடியே வைத்து, காற்றைச் சுழலவிட்டு, பெட்ரோலை மிச்சம் பிடித்தது.

தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளிலும் மாறும் வால்வு நேர எஞ்சின் பரவியது. ஃபோர்டு 2011 ஃபியஸ்டாவில் இரண்டு கேம்ஷாஃப்டுகளின் நேரத்தையும் மாற்றும் எஞ்சினைத் தந்தது. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரித்த வெர்னா 1.6, 123 குதிரைத்திறனோடு சிட்டியைத் திறனில் முந்தியது. அதற்கு முன்பே, 2007-இல், சிங்கப்பெருமாள்கோயிலை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ தன் 3 சீரிஸ் செடானைப் பூட்டத் தொடங்கியது. வானோஸ் அப்படித்தான் செங்கல்பட்டுப் பக்கம் வந்தது.

இன்று மாறும் வால்வு நேரம் சிறிய ஹேட்ச்பேக்கிலும் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகளுக்குப் பிறகு அது ஆடம்பரமல்ல. வேகம் விரும்புவோர் தேடுவது டர்போவை: 2022-இன் ஸ்லாவியா, விர்டஸ் 150 குதிரைத்திறன், 2023-இன் வெர்னா 160. அவற்றிலும் வால்வு நேரம் மாறத்தான் செய்கிறது. விளம்பரத்தில் அதன் பெயர் வருவதில்லை.

2000 முதல் 2003 வரையிலான சிட்டி விடெக்குகளை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. டெல்லிப் பகுதியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கு வந்த தடை தென்கோடியில் இல்லை. தகுதிச் சோதனையில் தேறினால் ஆர்.சி.யை ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டின் டி.என். 74, 75 எண் வண்டியைக் கேரளத்துப் பாறசாலையின் கே.எல். 19-க்கோ நெய்யாற்றின்கரையின் கே.எல். 20-க்கோ மாற்ற விரும்புகிறவர், தடையில்லாச் சான்று பெற்று கேரள வரியும் கட்ட வேண்டும். வாங்குமுன் எஞ்சின் எண்ணெயைப் பார்ப்பது நல்லது. எண்ணெய் அழுக்கேறி, அதைத் திறந்துவிடும் சோலனாய்டின் வலை அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஊசிக்குப் போய்ச் சேராது. பெரிய முகடு பூட்டிக்கொள்ளாது. மேல் வேகத்தில் வண்டி சாதாரண 1.5 போல்தான் ஓடும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று கேட்பது அதைவிட முக்கியம்.