மகப்பேற்றுக்கான ஆயத்தம் – ஒரு வரலாற்று நோக்கு

காற்று நிரப்பிய பெரிய பந்தொன்றின்மீது கருவுற்ற பெண் அமர்ந்து, இடுப்பை மெல்ல அசைத்துப் பயிலும் வழக்கம் இன்று பல நாடுகளிற் காணப்படுகின்றது. பேற்றுவலி தொடங்கிய பின்னரும் அவள் அப்பந்தின்மீது அமர்ந்திருப்பதுண்டு. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இஃது அண்மைக்காலப் புதுமையாகத் தோன்றலாம். ஆயின், பந்து புதியதாயினும் அதன்மீது அமரும் நிலை மிகப் பழையது. பேற்றின்போது பெண் எந்நிலையில் இருத்தல் வேண்டும், அதனைத் தீர்மானிப்பவர் யாவர் என்னும் வினாக்களோடு அதன் வரலாறு பிணைந்துள்ளது.

பண்டை எகிப்திற் பெண்கள் செங்கற்களின்மீது குந்தியிருந்து மகவு ஈன்றனர். அபைடோஸ் என்னுமிடத்தில் 2001ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழைமையுடைய செங்கல் ஒன்று இதற்குச் சான்றாகும். மகவை ஏந்திய தாயும் அவளுக்குத் துணைநிற்கும் பெண்களும் அதிலே வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளனர். ஐரோப்பாவிலும் பேற்று நாற்காலி நெடுங்காலம் வழங்கியது. 1513இல் ஜேர்மனியில் இயுக்காரியுஸ் ரொஸ்லின் வெளியிட்ட மருத்துவிச்சியர்க்கான நூலில் அந்நாற்காலியின் படம் இடம்பெற்றுள்ளது.

பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இந்நிலை மாறலாயிற்று. அதுவரை மருத்துவிச்சியரின் ஆளுகைக்குட்பட்டிருந்த பேற்றறையினுள் ஆண் மருத்துவர் புகுந்தனர். பிரான்சிய மருத்துவரான பிரான்சுவா மொரிசோ 1668இல் வெளியிட்ட நூலில் நாற்காலியை விடுத்துப் படுக்கையையே பரிந்துரைத்தார். ஆயுதங்களைக் கையாளும் மருத்துவருக்குப் பெண் மல்லாந்து கிடத்தல் வசதியாயிருந்தது. 1847இல் ஜேம்ஸ் யங் சிம்சன் பேற்றுவலியைத் தணிக்கக் குளோரோபோமைப் பயன்படுத்தினார். 1853இல் விக்டோரியா அரசியே அதனை ஏற்றுக்கொண்டார். வலியிலிருந்து விடுதலை பெற்றமை பெண்களுக்குப் பெரும்பேறே. எனினும், மயங்கியவள் எழுந்து நடத்தல் இயலாது. படுக்கை நிலை இவ்வாறு மேலும் உறுதிப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, பேற்றுக்கு உடலையும் உள்ளத்தையும் முன்கூட்டியே பயிற்றுதல் வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. காஷ்மீரிற் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் கத்லீன் வோன், வெயில் படாது அடைபட்டு வாழ்ந்த பெண்களின் என்புகள் நலிந்து, இடுப்பென்பு ஒடுங்கியிருந்ததைக் கண்டார். வெளியில் உழைத்த படகோட்டிக் குடும்பப் பெண்களிடம் அத்துன்பத்தை அவர் காணவில்லை. வாழ்க்கைமுறையே பேற்றின் எளிமையையும் இடரையும் பெரிதும் நிர்ணயிக்கின்றது என அவர் வாதிட்டார். இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த மினி ராண்டல் கருவுற்ற பெண்களுக்கான உடற்பயிற்சிகளை வகுத்து, 1939இல் நூலாக வெளியிட்டார்.

உள்ளத்தைப் பயிற்றும் முயற்சி வேறு வழியில் வளர்ந்தது. அச்சம் தசையை இறுக்கும், இறுக்கம் வலியைப் பெருக்கும் என்பது 1933இல் நூல் வெளியிட்ட கிராண்ட்லி டிக்-றீட் என்னும் ஆங்கிலேய மருத்துவரின் கொள்கையாகும். சோவியத்து மருத்துவர்களோ பவ்லோவின் கோட்பாட்டைத் தழுவி ஒரு பயிற்சிமுறையை உருவாக்கினர். 1951இல் அங்குச் சென்று அதனைக் கண்ட பேர்னாண்ட் லமாஸ், உலோகத் தொழிலாளர் சங்கம் பாரிசில் நடத்திய மகப்பேற்று மனையில் அதனை நடைமுறைப்படுத்தினார். பொதுவுடைமை நாட்டிற் பிறந்த அம்முறையைப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1956இல் ஆட்சேபமின்றி ஏற்றமை குறிப்பிடத்தக்கது.

இம்முறைகள் பெண்ணுக்கு அறிவையும் துணிவையும் அளித்தன என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், இவற்றினுள் ஒரு குறைபாடும் மறைந்திருந்தது. லமாஸ் பெண்களின் பேறுகளைச் சிறப்பானவை முதல் தோல்வி வரை தரப்படுத்தினார். வலி தாளாது கதறியவள் பயிற்சியிற் குறைந்தவளாகக் கணிக்கப்பட்டாள். முன்னர் மருத்துவரின் வசதிக்கு இசைந்து கிடந்த பெண், இப்போது மருத்துவரின் கொள்கைக்கு இசைந்து அமைதி காக்க வேண்டியவளானாள். கட்டுப்பாட்டின் உருவம் மாறியதேயன்றிக் கட்டுப்பாடு முற்றாக நீங்கவில்லை.

பந்தின் வரலாறு இவ்வறிவுரைகளுக்கு வெளியே தொடங்கியது. 1963இல் இத்தாலியரான அக்விலினோ கொசானி உறுதியான பெரிய பிளாஸ்டிக் பந்துகளை உற்பத்தி செய்தார். சுவிற்சலாந்திற் பணியாற்றிய மேரி குவின்டன் என்னும் இயன்மருத்துவர் அவற்றைக் குழந்தைகளின் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். பாசலில் சுசான் கிளைன்-வொகல்பாக் வளர்ந்தோர்க்கும் பயன்படுத்தினார். அமெரிக்கர் அதனைச் 'சுவிஸ் பந்து' என அழைத்தனர். பின்னர் அது மகப்பேற்று மனைகளினுள்ளும் நுழைந்தது. அமெரிக்கத் தாதி பவுலினா பெரஸ் 2000ஆம் ஆண்டில் இதுபற்றித் தனிநூலே வெளியிட்டார்.

இதன் இயக்கம் எளிதில் விளங்கக்கூடியது. மல்லாந்து கிடக்கையில் நிறைகருப்பை கீழ்ப் பெருநாளத்தை அழுத்துவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். நிமிர்ந்து அமர்கையில் அவ்வழுத்தம் நீங்குவதோடு புவியீர்ப்பும் துணைசெய்கின்றது. பந்து அசைந்து கொடுப்பதால் இடுப்பும் தடையின்றி அசைகின்றது. முழங்கால்கள் இடுப்பினும் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு பந்தின் அளவைத் தெரிதலும், வழுக்காத தரையில் ஒருவர் அருகே துணைநிற்றலும் இன்றியமையாதன. 25 ஆய்வுகளையும் 5,218 பெண்களையும் உள்ளடக்கிய 2013ஆம் ஆண்டுக் கொக்ரேன் மதிப்பாய்வு, நிமிர்ந்திருத்தலும் நடமாடலும் பேற்றின் முதற்கட்டத்தை ஏறத்தாழ 1 மணி 22 நிமிடம் குறைத்ததாகக் காட்டிற்று. இடர் குறைந்த பெண்களை நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்குவித்தல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018இற் பரிந்துரைத்தது.

எனினும், பழைமைக்குத் திரும்புதலே போதும் என்று கொள்ளுதல் பிழையாகும். செங்கல்லின்மீது குந்தியிருந்த காலத்திற் குருதிப்பெருக்காலும் காய்ச்சலாலும் மாண்ட தாய்மார் எண்ணிறந்தோர். இலங்கையில் 1879இற் கொழும்பில் நிறுவப்பட்ட டி சொய்சா மகப்பேற்று மனையும், 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், கிராமந்தோறும் வீடு தேடிச் சென்ற பயிற்சிபெற்ற மருத்துவிச்சியரும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும், இரத்தம் ஏற்றும் வசதியுமே தாய்மாரின் மரணத்தைப் பெரிதும் குறைத்தன. அச்சாதனையை எந்தப் பந்தும் ஈடுசெய்யாது.

ஆகவே, வைத்தியசாலையின் பாதுகாப்பும் உடலின் சுதந்திரமும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல என்பதை உணர்தல் வேண்டும். படுத்திருத்தல் இயற்கையின் விதியன்று. ஒரு காலத்து வசதியின் விளைவு. அதுபோலவே, பந்தின்மீது அமர்தலும் கட்டளையாகிவிடலாகாது. அமர விரும்புபவள் அமரவும், நடக்க விரும்புபவள் நடக்கவும், வலிதணி மருந்து வேண்டுபவள் குற்றவுணர்வின்றி அதனைக் கேட்டுப் பெறவும் இடமளிக்கும் மகப்பேற்று மனையே இவ்வரலாறு புகட்டும் பாடத்தைக் கற்றுக்கொண்டதாகும்.