முகம் தெளிய ஒரு பொத்தான்: சிறிய கேமரா கடந்து வந்த பாதை

திருமண மண்டபம். மேடையில் மணமக்கள். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கிறார். பின்னால் வெள்ளைத் துணி அலங்காரம். சித்தப்பா தம் சட்டைப்பையிலிருந்து சிறிய மின்னிலக்கக் கேமராவை எடுத்து ஒரு படம் பிடிக்கிறார். பின்புறத் திரையில் வேட்டி பளிச்சென்று தெரிகிறது, அலங்காரம் தெரிகிறது, முகங்கள் மட்டும் கறுத்துக் கிடக்கின்றன. "நம்ம கலருக்கு இவ்வளவுதான் விழும்" என்று யாரோ சிரித்துக்கொண்டே சொல்கிறார். எல்லாரும் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போகிறார்கள்.

அந்தச் சிரிப்பில் ஒரு தவறான தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. குறை நிறத்தில் இல்லை. கேமராவில் வாங்கிய நாளிலிருந்து தொடப்படாமலே கிடக்கும் ஓர் அமைப்பில் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்களில் அதன்மேல் + என்றும் − என்றும் போட்டிருக்கும்.

2000-ஆம் ஆண்டுகளில் நம் வீடுகள் பலவற்றில் ஒரு சிறிய மின்னிலக்கக் கேமரா இருந்தது. அதன் கையேடு மட்டும் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. பூ, மின்னல், மலை, ஓடும் மனிதன் என்று கேமரா முழுக்க அடையாளங்கள். இவை எதற்கு, எப்படி வந்தன என்று கேட்டால், நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு கதை விரிகிறது.

யோசிக்கும் வேலை யாருக்கு?

தொடக்கத்தில் படம் பிடிப்பது கைவினைஞரின் தொழிலாக இருந்தது. சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கப்பட்ட ஜி. ஆர். லாம்பெர்ட் நிழற்பட நிலையம் போன்ற இடங்களுக்கு மக்கள் உடுத்திக்கொண்டு போனார்கள். வெளிச்சம் எவ்வளவு, எத்தனை விநாடி திறக்க வேண்டும், முகம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் படம் எடுப்பவரே கணித்தார்.

அந்தக் கணக்கைப் பொதுமக்களின் தலையிலிருந்து இறக்கி வைத்தவர் அமெரிக்கர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடாக் பெட்டிக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருக்கும். முடிந்ததும் கேமராவையே நிறுவனத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் படங்களைக் கழுவி அச்சிட்டு, புதுச் சுருளையும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டுமே உங்கள் வேலை, மற்றவை எங்கள் பொறுப்பு என்பதுதான் அவர்களது விளம்பரம். 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி கேமரா வந்தபோது சிறுவர்கள்கூடப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

அதன்பின் கேமராவின் வரலாறு பெரும்பாலும் ஒரே திசையில் நடந்தது. மனிதன் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாக இயந்திரம் ஏற்றுக்கொண்டது. 1938-இல் கோடாக்கின் சூப்பர் சிக்ஸ்-20 வெளிச்சத்தைத் தானே அளந்தது. 1967-இல் வந்த ஒலிம்பஸ் டிரிப் 35, வெளிச்சம் போதாவிட்டால் ஒரு சிவப்புக் கொடியைக் காட்டிப் படம் எடுக்கவே மறுத்தது. 1975-இல் கொனிக்கா நிறுவனம் பிளாஷ் விளக்கைக் கேமராவுக்குள்ளேயே பொருத்தியது. 1977-இல் அதே நிறுவனத்தின் சி35 ஏஎஃப், குவியத்தையும் தானே சரிசெய்துகொண்டது. யோசிக்க இனி ஒன்றுமே மிச்சமில்லை என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை.

ஆனால் இயந்திரம் முடிவெடுக்கும்போது, யாரை மனத்தில் வைத்து முடிவெடுக்கிறது? இந்தக் கேள்விக்கான விடை நமக்கு நெருக்கமானது.

அளவுகோலாக நின்ற முகம்

வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களில், 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டையைக் கொடுத்துவந்தது. அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். மற்ற நிறத்தவர் எப்படி விழுகிறார்கள் என்று அந்த அட்டை கேட்கவில்லை.

கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வரலாற்றைப் பதிவுசெய்தார். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் சேர்ந்து நின்ற வகுப்புப் படங்களில், கறுப்பினப் பிள்ளைகளின் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தன. பெற்றோர் குறைப்பட்டதுண்டு. ஆனால் அடர்ந்த பழுப்பு நிறங்களின் வேறுபாடுகளைப் பிலிம் நன்றாகக் காட்டவேண்டும் என்று நிறுவனத்தை நெருக்கியவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் வணிகர்களும்தான். விளம்பரப் படங்களில் சாக்லேட்டின் வகைகளும் மரத்தின் ரேகைகளும் சரியாக விழவில்லையே என்பது அவர்களது குறை. பல இனத்தவரின் முகங்கள் கொண்ட மாதிரி அட்டைகள் 1990-களில்தான் வந்தன.

"நம்ம கலருக்கு இவ்வளவுதான்" என்ற பேச்சுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது.

சுருள் போனது, சில்லு வந்தது

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் 'சிசிடி' என்ற சில்லை உருவாக்கினார்கள். ஒளியை மின்னூட்டமாக மாற்றிக் கணக்கிட அது வழி திறந்தது. 40 ஆண்டுகளுக்குப் பின், 2009-இல் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன், அத்தகைய சில்லைக் கொண்டு முதல் மின்னிலக்கக் கேமராவைச் செய்தார். எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடி ஆனது. அந்தப் படத்தில் இருந்தவை வெறும் 10,000 புள்ளிகள்.

பொதுமக்களுக்கு வழிகாட்டியது 1995-இல் கேசியோ விற்பனைக்கு விட்ட கியூவி-10. அதன் பின்புறத்தில் ஒரு சிறு திரை இருந்தது. எடுத்த படத்தை அந்த இடத்திலேயே பார்க்கலாம். சுருள் காலத்தில் 36 படங்களும் முடிந்து, கடையில் கொடுத்து, பணம் கட்டி வாங்கிய பிறகே தவறு தெரியும். எந்தப் படத்தை எப்படி எடுத்தோம் என்பது அதற்குள் மறந்திருக்கும். இப்போதோ தவறும் திருத்தமும் ஒரே நிமிடத்தில் முடிகின்றன. அந்தத் திரைதான் சாதாரண மக்களுக்குக் கிடைத்த முதல் படப்பிடிப்பு ஆசிரியர் என்றால் மிகையாகாது.

அதே ஆண்டில் ஜப்பானில் 'எக்ஸிஃப்' என்ற பதிவுமுறையும் உருவானது. திறப்பு எவ்வளவு, நேரம் எவ்வளவு, பிளாஷ் எரிந்ததா இல்லையா என்பதையெல்லாம் கேமராவே படக்கோப்புக்குள் குறித்துவைக்கும். ஆசிரியரோடு குறிப்பேடும் சேர்ந்தே வந்தது. நாம்தான் இரண்டையும் புரட்டவில்லை.

அடையாளங்கள் சொல்வது என்ன?

முதலில் + − அடையாளம். கேமராவின் ஒளிமானிக்கு மணமகனையும் தெரியாது, சுவரையும் தெரியாது. தன் முன் இருப்பது மொத்தத்தில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எடுத்துக்கொள்கிறது. சட்டகம் முழுக்க வெள்ளை இருந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று எண்ணிப் படத்தை மங்கலாக்குகிறது. முகங்கள் கறுப்பது இதனால்தான். + பக்கம் ஒரு படி நகர்த்தினால் முகம் தெளியும். அரங்கேற்ற மேடையில் நிலைமை நேர்மாறு. சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒளிபட்ட நடனமணி. அங்கே கேமரா படத்தை வெளுத்துவிடும். − பக்கம் நகர்த்த வேண்டும்.

அடுத்து மின்னல் அடையாளம். பிளாஷ் இருட்டுக்கு மட்டும் உரியது என்பது பலரது எண்ணம். உச்சி வெயிலில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான் முகத்துக்கு அது பெரிதும் தேவைப்படுகிறது. கண் அடையாளம் போட்ட பிளாஷ், படத்துக்கு முன்பே ஒருமுறை ஒளிவீசிக் கண்மணியைச் சுருங்கச் செய்யும். கண்கள் சிவப்பாக விழுவது குறையும். ஆளோடு நட்சத்திரமோ நிலவோ வரைந்திருந்தால், பிளாஷும் எரியும், திறப்பும் நெடுநேரம் நீடிக்கும். தீபாவளி இரவில் வாசல் விளக்குகளையும் வீட்டாரின் முகங்களையும் சேர்த்துப் பிடிக்க அதுவே துணை. கேமராவை மட்டும் அசையாமல் ஊன்றி வைக்க வேண்டும்.

சூரியன், மேகம், மின்விளக்கு, குழல்விளக்கு என்று வரிசையாக இருப்பவை வெள்ளைச் சமன்பாட்டு அடையாளங்கள். வழக்கமான வண்ணப் பிலிம் பகல் ஒளிக்கென்றே செய்யப்பட்டது. குழல்விளக்கின்கீழ் எடுத்தால் பச்சை படரும். அன்று அதை மாற்றக் கண்ணாடி வடிகட்டிகள் தேவைப்பட்டன. இன்று ஒரு விரல் போதும். ஐஎஸ்ஓ எண்ணும் அப்படித்தான். அன்று 100 அல்லது 400 என்று வாங்கிய சுருளே முடிவுசெய்தது. மின்னிலக்கக் கேமராவில் படத்துக்குப் படம் மாற்றலாம். எண் கூடினால் இருட்டிலும் எடுக்கலாம். ஆனால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூடும்.

பூ அடையாளம் மிக அருகில் எடுப்பதற்கு. தாலியின் வேலைப்பாட்டையும் பாட்டியின் பழைய அடையாள அட்டையையும் தெளிவாகப் பதிக்க அது உதவும்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, படம் எடுக்கும் பொத்தானைப் பாதி மட்டும் அழுத்தும் பழக்கம். பாதி அழுத்தத்தில் கேமரா தூரத்தையும், பெரும்பாலும் வெளிச்சத்தையும் அளந்து பிடித்துவைக்கிறது. முகத்தை நடுவில் வைத்துப் பாதி அழுத்தி, பிறகு வேண்டிய இடத்துக்குக் கேமராவைத் திருப்பி முழுதும் அழுத்தலாம். இந்த ஒன்றைக் கற்றாலே பாதிக் குறைகள் தீர்ந்துவிடும்.

மீண்டும் கைக்கு வந்த கேமரா

2005-இல் நிக்கோன் தன் சிறிய கேமராக்களில் முகத்தைக் கண்டறியும் வசதியைச் சேர்த்தது. 2007-இல் சோனி, சிரித்தால் தானே படம் எடுக்கும் கேமராவைக் கொண்டுவந்தது. ஜப்பானியத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-இல் 12 கோடிக்கும் மேற்பட்ட மின்னிலக்கக் கேமராக்கள் சந்தைக்குச் சென்றன. 2019-இல் அது சுமார் ஒன்றரைக் கோடியாகச் சரிந்தது. கைத்தொலைபேசி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எல்லா நிறத்தவரின் தோலும் உள்ளபடி விழவேண்டும் என்று சொல்லி, கூகல் நிறுவனம் தன் தொலைபேசியில் 'ரியல் டோன்' என்ற வசதியை அறிமுகப்படுத்தியது 2021-இல்தான்.

இதற்கிடையே 2020-களில் ஒரு விந்தை நடந்தது. இளையோர் பலர் பெற்றோரின் அலமாரியிலிருந்து பழைய சிறிய கேமராக்களைத் தேடியெடுக்கத் தொடங்கினார்கள். மின்கலத்துக்கு மின்னேற்றி, "அப்பா, இந்தப் பூ எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வாங்கிய நாளில் படிக்காத கையேட்டைப் படிக்க அப்பாக்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பு.

வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் தாத்தாவின் படத்தைப் பாருங்கள். அவர் முகத்துக்கேற்ப விளக்கை நகர்த்தி வைக்க அன்று நிலையத்தில் ஒருவர் இருந்தார். இன்று அந்த வேலை நம் விரல்நுனிக்கு வந்திருக்கிறது. அடுத்த விருந்தில் முகங்கள் கறுத்து விழுந்தால், சிரித்துவிட்டு நகர வேண்டாம். அந்த + அடையாளத்தை ஒரு படி ஏற்றி, இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் நாளை பார்க்கப்போவது அந்த முகங்களைத்தானே!