பிரமிங்காம் ஆய்வும் பக்கவாதமும்

பிரமிங்காம் இதய ஆய்வு என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பிரமிங்காம் நகரில் 1948 இல் தொடங்கி இன்றும் தொடரும் நோய்ப்பரவலியல் ஆய்வு ஆகும். பெயரில் இதயம் மட்டுமே இருந்தாலும், பக்கவாதம் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்பது பற்றிய அடிப்படைச் செய்திகள் பலவும் இந்நகர மக்களிடமிருந்தே தெரியவந்தன.

பின்னணி

1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட்டைப் பரிசோதித்தார். இரத்த அழுத்தம் 186/108 இருந்தது, இதயமும் தளர்ந்திருந்தது. ஆனால் தலைவரின் தனி மருத்துவர் ராஸ் மெக்கின்டைர், அவர் நலமாகவே இருக்கிறார் என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவந்தார். மெக்கின்டைர் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். 1945 ஏப்ரல் 12 அன்று கடும் தலைவலி என்று சொன்ன ரூசவெல்ட் நினைவிழந்தார். அப்போது பதிவான அழுத்தம் 300/190. மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் அன்றே இறந்தார், வயது 63.

இதை ஒரு மருத்துவரின் அலட்சியம் என்று முடித்துவிடுவது நியாயமாகாது. வயது ஏற ஏற நாளங்கள் இறுகும், அவற்றின் வழியே இரத்தத்தைச் செலுத்த அழுத்தம் கூடத்தான் வேண்டும் என்று அக்கால மருத்துவர்கள் பலர் நம்பினர். அழுத்தத்தைக் குறைத்தால் தீங்கு வரும் என்ற அச்சமும் இருந்தது. தவிர, குறைக்க நல்ல மருந்தும் இல்லை. புரூயனால் தர முடிந்தது டிஜிட்டாலிஸ், உப்புக் குறைந்த உணவு, ஓய்வு ஆகியவையே.

காத்திருந்த ஆய்வு

1948 ஜூன் 16 அன்று தேசிய இதயச் சட்டத்தில் ட்ரூமன் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் ஆய்வு தொடங்கியது. 1917 முதல் காசநோய் ஆய்வொன்றுக்கு ஒத்துழைத்த நகரம் என்பதால் பிரமிங்காம் மக்களுக்கு இது புதிதல்ல. 30 முதல் 62 வயது வரையிலான 5,209 பேர் சேர்க்கப்பட்டனர். இவர்களில் 2,873 பேர் பெண்கள். இதய நோயை ஆண்களின் நோயாகப் பார்த்த காலத்தில் இது குறிப்பிடத்தக்கது.

முறை எளியது. நலமாக இருப்பவர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து இரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் முதலியவற்றைக் குறித்துக்கொள்வர். பிறகு காத்திருப்பர். யாருக்கு நோய் வருகிறதோ, அவருடைய பழைய பதிவுகளை மற்றவர்களுடைய பதிவுகளோடு ஒப்பிடுவர். சிகிச்சை தருவது ஆய்வின் வேலையல்ல. முடிவுகள் அவரவர் குடும்ப மருத்துவருக்கு அனுப்பப்பட்டன. இத்தகைய ஆய்வுக்குப் பணத்தைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும் எனலாம். ஆனால் பணமும் வேண்டியிருந்தது. 1960களின் இறுதியில் அரசு நிதி நிற்கும் நிலை வந்தபோது, முன்னாள் இயக்குநர் தாமஸ் டாபர் தனியாரிடம் நிதி திரட்டினார். பாஸ்டன் பல்கலைக்கழகமும் துணைநின்றது.

1961 இல் வில்லியம் கேனலும் குழுவினரும் வெளியிட்ட கட்டுரைதான் 'இடர் காரணி' என்ற சொல்லை மருத்துவத்தில் பரவச் செய்தது. பக்கவாதம் பற்றிய முக்கியக் கட்டுரை 1970 இல் வந்தது. 14 ஆண்டுப் பதிவுகளின்படி, பக்கவாதத்துக்கு முன்னோடியாக எல்லாவற்றிலும் வலுவாக நின்றது உயர் இரத்த அழுத்தமே. எந்த அறிகுறியும் இல்லாதவர்களிடமும் அது ஆபத்தைக் கூட்டியது. பெண்கள் உயர் அழுத்தத்தை எளிதில் தாங்குவார்கள் என்ற நம்பிக்கைக்கும் சான்று கிடைக்கவில்லை. 1978 இல் பிலிப் வுல்ஃப் முதலியோர் இன்னொன்றைக் காட்டினர்: வாத இதய நோய் இல்லாதவர்களுக்கும், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு இருந்தால் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல்.

குறை

பங்கேற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஐரோப்பிய வழிவந்த வெள்ளையர்கள். எனவே இந்த எண்களை வைத்து இன்னொரு நாட்டவரின் ஆபத்தைக் கணக்கிட்டால், விடை கூடவோ குறையவோ செய்யும். இக்குறை தெரிந்த பின், 1994 முதல் நகரின் பிற இனத்தவரும் சேர்க்கப்பட்டனர்.

2010 இல் வெளியான 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு இந்தியா உட்பட 22 நாடுகளில் நடந்தது. அது காத்திருக்கும் ஆய்வன்று. பக்கவாதம் வந்த 3,000 பேரை, வராத 3,000 பேருடன் அது ஒப்பிட்டது. பக்கவாத ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைப் பத்துக் காரணிகளே விளக்கின. அவற்றுள் முதலிடத்தில் இருந்தது உயர் இரத்த அழுத்தம்.