மறுபிரதியின் பூர்வோத்தரம்

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனுடைய எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், இன்று புதுச்சேரியில், சேலியமேடு முதலிய ஊர்களைத் தன்னுள் அடக்கிய கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பிரிவுக்குத் தலையூராக விளங்கும் பாகூரில் நடந்துவந்த ஒரு வித்யாஸ்தானத்திற்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டன என்னும் செய்தியை நாம் அறிந்திருப்பதற்குக் காரணம், அந்தத் தானத்தின் விவரத்தைச் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் செப்பேடுகளில் மறுபடியும் ஒருமுறை எழுதிவைத்தார்கள் என்பதேயாகும். மறுபடியும் என்று நான் சொல்லுவது காரணத்தோடுதான். அக்காலத்து முறைப்படி அரசனுடைய ஆணை முதலில் ஓலையில் எழுதப்பட்டு நாட்டாரிடம் வந்தது. நாட்டார் அதைப் பணிந்து ஏற்றுக்கொண்டு, எல்லையை நடந்து பார்த்து, கல்லும் கள்ளியும் நட்டு, தாங்களும் ஓர் ஓலை எழுதிக்கொடுத்தார்கள். இவ்வளவும் நடந்தேறிய பின்னரே, தானம் பெற்றவர்கள் கையில் நெடுங்காலம் நிலைத்திருக்கும்படியான செப்பேடு வெட்டப்பட்டது. அந்த ஓலைகள் மண்ணோடு மண்ணாய்ப் போயின. செப்பேடோ ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து, 1879-ஆம் ஆண்டில் வெளிப்பட்டு, பாரீஸ் தேசிய நூலகத்தைச் சென்றடைந்து, பிற்காலத்தில் ஹுல்ட்ஷ் என்னும் அறிஞரால் 'எபிகிராபியா இண்டிகா'வில் பதிப்பிக்கப்பட்டது. நம் ஊர்ச் சாசனம் கடல் கடந்து போயிற்றே என்று பாகூரார் வருந்துவது நியாயமே. ஆயினும் அதன் வாசகம் அச்சேறிய நாள் முதல், அந்தச் செம்புத் தகடுகளுக்கு நாளை என்ன நேர்ந்தாலும் வாசகத்திற்கு அழிவில்லை.

செம்பு எல்லார்க்கும் எட்டும் பொருளன்று. மற்றவர்களுக்கு வாய்த்தது பனையோலை. அது நம் நாட்டு வெப்பத்தையும் மழைக்கால ஈரத்தையும், கரையானையும், ராமபாணப் பூச்சியையும் சில தலைமுறைகளுக்குத் தாங்கும். அதற்கு மேல் தாங்குவது அரிது. ஆகையால் ஏடு நைந்துபோவதற்கு முன்னரே புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவதும், எழுதியதை மூலத்தோடு வைத்து ஒருவர் படிக்க மற்றொருவர் சரிபார்ப்பதும், முடிவில் எழுதினவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்துவைப்பதும் நம்மவர்களின் பரம்பரை வழக்கமாயிருந்தன. பெயர்த்தெழுதும் வழக்கம் நின்றுபோன வீடுகளில் ஏடுகளுக்கு நேர்ந்த கதியை, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட சுவடிகளைப் பற்றி உ. வே. சாமிநாதையர் வருந்திச் சொன்னவற்றிலிருந்து எல்லாரும் அறிவர். புதுச்சேரியில் 1955-ல் ழான் ஃபிலியோசா அவர்களின் முயற்சியால் ஏற்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் பழைய வழக்கத்தையே புதிய முறையில் மேற்கொண்டது எனலாம். என். ஆர். பட் முதலிய பண்டிதர்கள் ஊர் ஊராகத் தேடிச் சைவ ஆகமச் சுவடிகளைச் சேகரித்தார்கள். உரியவர்கள் கொடுக்க விரும்பாத சுவடிகளைக் காகிதத்தில் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுதி 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இவை யாவற்றிலும் என் மனத்தை மிகவும் கவர்வது ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரிதையின் வரலாறு. 1736-ஆம் ஆண்டில் தொடங்கி, 1761 ஜனவரியில் தாம் காலமாகும் காலம் வரையில், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த அந்தப் பெரியவர் எழுதிவந்த குறிப்புக்கள், அவருக்குப் பிறகு அவருடைய வம்சத்தார் வீட்டில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியார் எவரும் அறியாமல் கிடந்தன. 1846-ல் கலுவா மோன்பிரென் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு, அவற்றின் அருமையை உணர்ந்து, தமக்கென ஒரு படி எழுதுவித்துக்கொண்டார்; எதுவார் அரியேல் என்னும் மற்றொருவரும் படியெடுத்தார், அந்தப் படி பாரீஸுக்குச் சென்றது. அதை ஆதாரமாகக் கொண்டு ழூலியேன் வேன்சோன் 1894-ல் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசாங்கத்தார் 1890-களில் தாங்களும் ஒரு பிரதி எடுப்பித்து, அதைக் கொண்டு 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். இத்தனை பேர் இத்தனை முறை படியெடுத்தும் அந்தத் தினசரிதையில் இன்றும் இடைவெளிகள் உண்டு: எவரும் உரிய காலத்தில் படியெடுக்காத நாட்களின் குறிப்புக்கள் மூலத்தோடு போயின. முக்கியம் என்று தோன்றியதை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறவன், எது முக்கியம் என்பதை வருங்காலத்தின் சார்பாகத் தானே தீர்மானித்துவிடுகிறான். அந்தத் தீர்மானம் தவறாயின் அதைத் திருத்துவதற்கு வழியே இராது.

பிள்ளை காலமான சில தினங்களுக்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் கட்டிடங்களும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. ஊர் அழிந்தால் ஊரின் பத்திரங்களும் அழியும் என்னும் உண்மையைப் பிரெஞ்சு ராஜாங்கத்தார் நன்றாக அறிந்திருந்தனர். பதினாறாம் லூயி மன்னனின் ஆட்சியில், 1776 ஜூன் மாதத்தில் பிறப்பிக்கப்பட்ட ஒரு சாசனம், காலனிகளிலுள்ள பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகளுக்கும், நீதிமன்றத் தஸ்தாவேஜுகளுக்கும், நொத்தேர் பத்திரங்களுக்கும் மறுபிரதி எடுத்து வெர்சாய் நகரில் ஏற்படுத்தப்பட்ட ஒரு பண்டகசாலைக்கு அனுப்பவேண்டும் என்று விதித்தது. அடுத்த நூற்றாண்டில், நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டமும் அந்தப் பதிவேடுகளை இரட்டையாக எழுதி, ஒன்றை ஊர் மன்றத்திலும் மற்றொன்றை நீதிமன்றத்திலும் வைக்கும்படி கட்டளையிட்டது. 1880-ல் கொம்யூன்கள் ஏற்பட்டபோது பாகூரும் ஒரு கொம்யூனாயிற்று. அக்காலத்துப் பதிவு ஒன்றைத் தேடி மேரி எனப்படும் ஊர் மன்றத்திற்குச் சென்று, ஏடு பொடிந்துவிட்டது என்னும் பதிலைக் கேட்டுத் திரும்புகிற ஒருவர், அதே பதிவின் வேறொரு பிரதியை எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்துக் காலனி ஆவணக் காப்பகத்தில் பெறக்கூடும் என்றால், அது அந்த இரட்டைப் பிரதி முறையின் பயன். இரண்டு பிரதிகளும் ஒரே பெட்டியில் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே பொடிந்திருக்கும்.

இப்பொழுது நம் வீடுகளில் ஏட்டின் இடத்தைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் பெற்றிருக்கிறது. பிள்ளைகளின் சான்றிதழ்கள், மனைப் பத்திரத்தின் ஸ்கேன், கல்யாணப் புகைப்படங்கள், கடைக் கணக்கு, பாமினி எழுத்துருவில் அடித்துவைத்த பழைய கடிதங்கள் ஆகிய யாவும் அதில் குடியிருக்கின்றன. அதற்கோ பனையோலையின் ஆயுளில் பத்தில் ஒரு பங்குகூட நிச்சயமில்லை. முக்கியமான கோப்புக்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துவைப்பது பலரும் செய்யும் காரியம். அது நல்லதே, ஆனால் தினசரிதையின் இடைவெளிகளை நினைவூட்டுகின்ற காரியமுமாகும். டிஸ்க் இமேஜ் என்பது வேறு வகை. கணினி துவங்குவதற்கு வேண்டிய ஆரம்பப் பகுதி, விண்டோஸ் அல்லது லினக்ஸ், நிறுவிய மென்பொருள்கள், அவற்றின் அமைப்புக்கள், எழுத்துருக்கள், கோப்புக்கள் ஆகிய அனைத்தையும், டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் முறையோடு சேர்த்து, ஒரே தொகுதியாகப் படியெடுத்து வைப்பது அது. டிஸ்க் கெட்டுப்போனால் புதியதொன்றை வாங்கிப் பொருத்தி, இமேஜை அதில் திரும்ப இறக்கினால், படியெடுத்த அன்று இருந்தபடியே கணினி எழுந்து நிற்கும்.

இந்தக் கலைக்கும் ஒரு சிறு சரித்திரம் உண்டு. யூனிக்ஸில் டிடி என்னும் கட்டளை 1970-களிலேயே ஒரு டிஸ்கைத் துளியும் விடாமல் மற்றொன்றில் பெயர்த்தெழுதியது. நியூஸிலாந்தில் 1990-களின் நடுவில் தோன்றிய கோஸ்ட் என்னும் மென்பொருள் இந்தக் காரியத்தை எளிதாக்கிற்று. அதைச் சைமன்டெக் கம்பெனியார் 1998-ல் வாங்கி நார்ட்டன் கோஸ்ட் என்று உலகெங்கும் பரப்பி, 2013-ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். வீட்டு உபயோகத்திற்கு இலவசமாகக் கிடைத்து மிகுந்த நம்பிக்கையைப் பெற்றிருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கும் 2024-ன் தொடக்கத்தோடு ஆதரவு முடிந்தது. ஒரு கம்பெனி தன் பொருளை நிறுத்திக்கொள்ளுவது அதன் உரிமை. ஆயினும் படியெடுத்துவைக்கிற ஒருவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, பத்தாண்டுகளுக்குப் பின் இந்தப் பிரதியைத் திறப்பதற்கு வேண்டிய கருவி என் கையில் இருக்குமா என்பதாகும். விலையும் திரையின் அழகும் அதற்குப் பிந்தியவை.

அந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கும்போது என் அபிப்பிராயம் க்ளோன்ஸில்லாவின் பக்கமே சாய்கிறது. தைவான் நாட்டின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவான அந்த மென்பொருளின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தின் கீழ் உலகத்தார் அனைவருக்கும் திறந்திருக்கிறது. அதை உண்டாக்கினவர்கள் கைவிட்டாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம். பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே கணினியைத் துவக்குவதால், விண்டோஸ் எழ மறுக்கும் நாளிலும் அது வேலை செய்யும். டிஸ்கில் தரவு எழுதப்பட்ட பகுதிகளை மட்டுமே படியெடுப்பதால் இடமும் நேரமும் மிஞ்சும். எழுதி முடித்தபின் இமேஜ் திரும்ப இறக்கத்தக்கதா என்று அதுவே சோதித்துச் சொல்லும். அதன் குறைகளையும் சொல்லவேண்டும். கேள்விகள் பழைய பாணியில் வெறும் எழுத்துத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எந்த டிஸ்கிலிருந்து எந்த டிஸ்குக்கு என்பதில் கவனம் பிசகினால் மூலமே அழியும். மூல டிஸ்கைவிடச் சிறிய டிஸ்கில் இமேஜை இறக்குவது சாதாரணமாக இயலாது. பிட்லாக்கர் பூட்டு உள்ள டிஸ்காயின், முழுவதையும் அப்படியே பெயர்க்க நேர்ந்து இமேஜ் பெருத்துவிடும். இந்த எழுத்துத் திரை அச்சமூட்டுமாயின் ரெஸ்க்யூஸில்லாவை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இலவசமானது, கட்டற்றது, சுட்டியால் தெரிவு செய்யத்தக்க திரைகளை உடையது. க்ளோன்ஸில்லா எழுதிய இமேஜை அதுவும் படிக்கும் என்பது அதன் பெருமை. ஒருவர் எழுதிய சுவடியை முன்பின் அறியாத மற்றொருவர் படிக்கக்கூடியதாயிருப்பதே சுவடிக்கு ஆயுள்.

மென்பொருளைத் தெரிந்தெடுத்தாலும் இடத்தைப் பற்றிய விசாரம் மிஞ்சுகிறது. 2024 நவம்பர் முடிவில் வந்த ஃபெங்கல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் பெருகிவந்து பாகூர்க் கொம்யூனின் ஆற்றோர ஊர்களைச் சூழ்ந்ததும் யாவரும் அறிந்தவை. மேஜைமேல் கணினியும் அதன் கீழ் அறையில் பேக்கப் டிஸ்கும் இருந்தால், வெள்ளம் ஒன்றைவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளாது. வெளியூரில் உறவினர் இருப்பவர்கள், வில்லியனூரிலோ உழவர்கரையிலோ அவர்கள் வீட்டு அலமாரியில், தேதி எழுதி ஒட்டிய ஒரு டிஸ்கை வைத்துவிட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிய இமேஜ் உள்ள டிஸ்கைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம். வாங்கி வந்த அந்த டிஸ்கை அழித்து மறுபடி எழுதுவதற்கு முன்னால், அதிலுள்ள இமேஜை வேறொரு காலி டிஸ்கில் இறக்கி, கணினியை அதிலிருந்து துவக்கி, கணக்குக் கோப்பும் புகைப்படங்களும் உள்ளபடி திறக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.