பயிற்சி விமானங்களும் தள அடையாளக் குறிகளும்: இலங்கையின் கிழக்குக் கரை

மேலே போகும் விமானம் யாருடையது என்று தரையில் நிற்பவர் அறிவதற்கும், கீழே தெரியும் ஓடுபாதை எந்தத் தளத்தினுடையது என்று விமானி அறிவதற்கும் இடப்படும் எழுத்து, எண், நிறம், வட்டம், விளக்கு ஆகியவையே அடையாளக் குறிகள். இவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் உலக யுத்தத்தின்போது வளர்ந்து நிலைபெற்றன. சமாதான காலத்தில் குறி எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். யுத்த காலத்தில் தன் ஆளுக்குத் தெரிய வேண்டும், எதிரிக்குத் தெரியக் கூடாது. இந்த இழுபறியின் விளைவுகளைத் திருகோணமலை முதல் கல்முனை, அக்கரைப்பற்று வரையான கிழக்குக் கரை 1942இல் மிக அருகில் கண்டது.

அந்தக் காலத்து விமானி மூன்று படிகளில் உருவானார். டைகர் மொத் போன்ற இரட்டைச் சிறகு விமானத்தில் ஆரம்பப் பயிற்சி. அடுத்து ஹார்வர்ட் போன்ற உயர்நிலைப் பயிற்சி விமானம். அதன் பின்னரே சண்டை விமானம். அமெரிக்கத் தயாரிப்பான ஹார்வர்ட் 600 குதிரைவலு இயந்திரமும் உள்ளிழுக்கும் சில்லுகளும் கொண்டது. 15,000இற்கும் அதிகமாகக் கட்டப்பட்ட இந்த விமானம் மாணவரின் தவறுகளை எளிதில் பொறுக்காது. அதனாலேயே அது நல்ல ஆசானாக இருந்தது. கனடாவில் நடந்த பொதுநலவாயப் பயிற்சித் திட்டம் மட்டும் 1,31,000இற்கு மேற்பட்ட விமானப் பணியாளரை உருவாக்கியது. இந்தியாவில் அம்பாலாவிலும் உயர்நிலைப் பயிற்சிப் பாடசாலை இயங்கியது. இலங்கையின் ஓடுபாதைகளுக்கு வந்து சேர்ந்த விமானிகள் பலரும் இத்தகைய தொலைதூரப் பாடசாலைகளில் தேறியவர்கள்.

பயிற்சி விமானத்துக்கு மஞ்சள் நிறம் பூசப்பட்டது. கற்றுக்குட்டி ஓட்டுகிறார், விலகிச் செல்லுங்கள் என்பதே அதன் பொருள். கனடாவில் முழு உடலும் மஞ்சள். பிரித்தானியாவில் யுத்தம் தொடங்கியதும் மேற்பக்கத்தை மறைப்பு நிறத்தில் மூடி, அடிப்பக்கத்தை மட்டும் மஞ்சளாக விட்டார்கள். அமெரிக்கப் பயிற்சித் தளங்களில் விமானத்தின் பக்கவாட்டில் பெரிய எழுத்தும் எண்ணும் இருந்தன. எழுத்து அந்த விமானத்தின் சொந்தத் தளத்தைச் சொல்லும். அயல் தளங்கள் பல ஒரே வானத்தைப் பங்கிட்ட இடங்களில், வழிதவறியவர் எங்கிருந்து வந்தார் என்று உடனே அறிய அது போதுமாக இருந்தது.

தளத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை தேவைப்பட்டது. பிரித்தானிய முறையில் ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு எழுத்துகள் உண்டு. பகலில் அவை தரையில் வெண்ணிறத்தில் பெரிதாகத் தெரியும். இரவில் அதே எழுத்துகளைச் சிவப்பு விளக்கு மோர்ஸ் குறியீட்டின் புள்ளியும் கோடுமாக மின்னிக் காட்டும். விளக்கை வெளிச்சமாக எரியவிட்டால் குண்டுபோட வருகிறவனுக்கும் அதுவே வழிகாட்டியாகிவிடும். ஆகவே விளக்கு வண்டியைத் தளத்திலிருந்து சில மைல் தள்ளி நிறுத்தி, இடத்தையும் அவ்வப்போது மாற்றினார்கள். விளக்கிலிருந்து தளம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பது பறப்பதற்கு முன் விமானிக்கு மட்டும் சொல்லப்பட்டது. குறி பொதுவில், பொருள் இரகசியத்தில் என்ற இந்த ஏற்பாடு யுத்த கால யோசனைகளில் மிகச் சிறந்த ஒன்று.

எதுவும் எழுதாமல் விடுவதும் ஒரு முறை. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானந்தாங்கிகளின் விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, குதிரைப் பந்தயத் திடலில் அமைக்கப்பட்ட ஓடுபாதையை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அங்கிருந்து 258ஆம் அணியின் ஹரிக்கேன் சண்டை விமானங்கள் எழுந்து சண்டையில் இறங்கின.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையின் முறை வந்தது. துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. சீனக்குடாவிலிருந்து எழுந்த 261ஆம் அணியின் ஹரிக்கேன்கள் அங்கேயே போராடிக்கொண்டிருக்க, துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகியிருந்த விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸ் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டது. விமானந்தாங்கி என்று பெயர், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. 80 அளவிலான குண்டுவீச்சு விமானங்கள் அதைச் சூழ்ந்தன. 307 பேர் இறந்தார்கள். உடன் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் மூழ்கியது. இரத்மலானையிலிருந்து அனுப்பப்பட்ட புல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹேர்மீஸ் கடலுக்குள் போய்விட்டது. கல்முனையிலிருந்து வடக்கே 40 கிலோமீற்றர் அளவில் உள்ள கல்லடிக் கரைக்கு நேரே, 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் அந்தக் கப்பல் இன்றும் கிடக்கிறது.

அதே கடலில் அன்று ஒரு குறி மதிக்கப்பட்டது. வெள்ளை உடலில் செஞ்சிலுவை தாங்கிய மருத்துவக் கப்பல் வீற்றாவை ஜப்பானிய விமானிகள் தாக்கவில்லை. அது ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. அடையாளக் குறிகளின் வரலாற்றில் சண்டை விமானங்களின் வட்டங்களுக்குக் கிடைக்கும் பக்கங்கள் வீற்றாவின் சிலுவைக்குக் கிடைப்பதில்லை. அவ்வளவு உயிர்களைக் காத்த குறி அதைவிட மேலான இடத்துக்கு உரியது.

வட்டங்களிலோ பெரிய மாற்றம் ஒன்று தேவைப்பட்டது. பிரித்தானிய விமானத்தின் நீலம், வெள்ளை, சிவப்பு வட்டத்தின் நடுவில் இருந்த சிவப்புப் பொட்டு, ஜப்பானியரின் செஞ்சூரியனைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது நினைவூட்டியது. பீரங்கிக்காரரும் சக விமானியும் முடிவெடுக்கக் கிடைப்பது ஒன்றிரண்டு நொடி. அந்த நொடியில் கண்ணுக்குப் படுவது சிவப்பு மட்டுமே என்றால், சுடுவது நிச்சயம். அமெரிக்கர் 1942 மே மாதத்திலேயே தம் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை நீக்கினர். இந்தியா, இலங்கை, பர்மா வானில் பறந்த பிரித்தானிய விமானங்கள் 1943இல் அதைக் கைவிட்டு, நீலமும் வெள்ளையும் மட்டுமான வட்டத்துக்கு மாறின. பின்னர் நடுவட்டம் இளநீலமானது. யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் தண்டர்போல்ட் போன்ற ஒற்றை இயந்திரப் போர் விமானங்களின் சிறகிலும் வாலிலும் அகன்ற வெள்ளைப் பட்டைகளும் சேர்ந்தன.

பிரித்தானியக் கடற்படையும் இலங்கையில் தன் விமானத்தளங்களுக்குக் கப்பல்களைப் போலவே பெயரிட்டது. சீனக்குடாவில் பம்பரா, புத்தளத்தில் ராஜாலிய, கட்டுக்குருந்தையில் உக்குஸ்ஸா. விமானந்தாங்கிகளிலிருந்து இறங்கிய அணிகள் மீண்டும் கப்பலேறும் வரை இத்தகைய தளங்களிலேயே பயிற்சி செய்தன. புத்தளத்தில் கோர்சேர் விமானத்தை யானை இழுத்துச் செல்லும் புகைப்படம் அந்நாளைய படங்களில் பெயர்பெற்றது.

1951 மார்ச் 2இல் அரச இலங்கை விமானப்படை உருவானபோது பயிற்சி நாட்டுக்குள் வந்தது. முதலில் சிப்மங்க், உயர்நிலைப் பயிற்சிக்கு மேர்லின் இயந்திரம் பூட்டிய பொலியோல், ஆசானும் மாணவரும் அருகருகே அமரும் விமானம். பின்னர் ஜெட் புரோவோஸ்ட் 12 வாங்கப்பட்டன. அவை தாங்கிய தொடரெண்கள் சீஜே என்ற எழுத்துகளில் தொடங்கின; சண்டை விமானங்களுக்கு சீஎஃப், ஹெலிகொப்டர்களுக்கு சீஎச் என்ற வழக்கமும் நிலைத்தது. 1957இல் சீனக்குடா பிரித்தானியரிடமிருந்து இலங்கையின் கைக்கு மாறியது. அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஜெட் புரோவோஸ்ட்கள் 1971 கிளர்ச்சியின்போது ஆயுதம் பூட்டி மீண்டும் பறக்கவிடப்பட்டன. பயிற்சிக்கென்று வந்த விமானம் சொந்த நாட்டு இளைஞர் மீது பாய்ந்தது அந்தத் தளத்தின் வரலாற்றில் வேதனையான பகுதி.

இன்று சீனக்குடா இலங்கை விமானப்படையின் கல்விக்கழகம். விமானிகள் அங்கேயே உருவாகிறார்கள். பயிற்சியின் ஆபத்து குறைந்துவிடவில்லை: 2023 ஆகஸ்ட் 7இல் அங்கிருந்து எழுந்த பீடி-6 பயிற்சி விமானம் சில நிமிடங்களில் விழுந்து, அதிலிருந்த இரு அதிகாரிகளும் உயிரிழந்தனர்.

தரையில் எழுதிய இரண்டு எழுத்துகளின் இடத்தை இப்போது உலகம் முழுவதற்குமான நான்கெழுத்துக் குறியீடு பிடித்திருக்கிறது. இலங்கைக்கு வீசீ என்ற முன்னெழுத்துகள். சீனக்குடா வீசீசீரீ. திமிலைதீவில் 1958இல் திறக்கப்பட்ட மட்டக்களப்பு நிலையம் வீசீசீபீ. 1983இல் விமானப்படையிடம் போன அது 2018இல் மறுபடியும் உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. ஓடுபாதை முனையில் எழுதும் எண்ணோ திசைகாட்டியின் பாகையைப் பத்தால் வகுத்தது. சீனக்குடாவில் அது ஒரு முனையில் 06, மறுமுனையில் 24. வாடைக்காற்றும் கச்சானும் மாறி மாறி வீசும் கரையில் வடகிழக்கு, தென்மேற்காக ஓடுபாதை போடுவது இயல்பானது. அம்பாறையில் உகனை அருகே உள்ள தளத்தின் குறியீடு வீசீசீஜீ. கல்லோயா என்ற அதன் பழைய பெயரின் எழுத்தையே இன்றைய வரைபடங்களும் விமானிகளுக்குக் காட்டுகின்றன.