சென்னை மாகாணத்தில் விமானக் காட்சிகள்

விமானங்கள் ஒன்றையொன்று முந்துவதையும் வானில் கரணம் அடிப்பதையும் மக்கள் திடலில் கூடிப் பார்க்கும் பொழுதுபோக்கு விமானக் காட்சி. தென்னிந்தியாவில் இதன் வரலாறு 1910 மார்ச்சில் சென்னையில் தொடங்குகிறது. தபால் சுமக்கவும் பயணிகளை ஏற்றவும் தொடங்குமுன்பே விமானம் இங்கே வேடிக்கைப் பொருளாக, அதுவும் காசு கொடுத்துப் பார்க்கும் வேடிக்கையாக, வந்துவிட்டது.

இதற்கு முன்மாதிரி பிரான்சில் இருந்தது. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். மறுமாதமே ரீம்ஸ் நகரில் ஒரு வாரம் விமானத் திருவிழா நடந்தது. வேகப் போட்டியில் அமெரிக்கர் கிளென் கர்டிஸ் 20 கிலோமீட்டரைப் பதினாறு நிமிடத்துக்குள் கடந்து கோப்பையை வென்றார். அதாவது மணிக்கு 75 கிலோமீட்டர் சொச்சம். அதே திடலில் ஹென்றி ஃபார்மன் மூன்று மணி நேரம் இறங்காமல் சுற்றினார். விமானம் கீழே விழாமல் இருந்தாலே கூட்டம் கைதட்டிய காலம் அது.

சென்னையில் அந்த ஆசை பற்றிக்கொண்டது ஒரு ஹோட்டல்காரருக்கு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் டி ஏஞ்சலிஸ் நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், கவர்னருக்கே விருந்து சமைத்துக் கொடுத்தவர். மின்விசிறி, லிஃப்ட், வெந்நீர்க் குழாய் என எந்தப் புதுமையையும் தன் ஹோட்டலுக்கு முதலில் கொண்டுவரத் துடித்தவர். பிளேரியோவின் செய்தியைப் படித்துவிட்டு, சொந்தமாக ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். குதிரை வண்டிகளும் மோட்டார் வண்டிகளும் கட்டிவந்த சிம்சன் கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. சிறிய எஞ்சின். முதலில் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் கட்டணம் வசூலித்துப் பொதுமக்களுக்குக் காட்டினார். வந்திருந்தவர்களில் ஒருவரையும் உடன் ஏற்றிப் பறந்தார் என்பது செய்தி.

இந்தியாவின் முதல் விமானப் பறப்பு எது என்று கேட்டால் பெரும்பாலான நூல்கள் 1910 டிசம்பரில் அலகாபாத்திலும் கல்கத்தாவிலும் நடந்தவற்றைச் சொல்லும். சென்னைப் பறப்பு அவற்றுக்கு ஒன்பது மாதம் முந்தியது. அலகாபாத்தில் பறந்தவர்களுக்கு அங்கே நடந்த கண்காட்சியின் விளம்பரம் இருந்தது. டி ஏஞ்சலிஸுக்கு அவருடைய ஹோட்டல் மட்டுமே இருந்தது. அந்த ஹோட்டலும் பின்னாளில் பொசோட்டோ என்பவர்களின் கைக்கு மாறியது. அலகாபாத் கண்காட்சி விட்டுச் சென்ற பெரிய நினைவு 1911 பிப்ரவரி 18-இல் நடந்தது. ஹென்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது.

அதுவரை காட்சி என்றால் மேலே போய்ப் பத்திரமாக இறங்குவதுதான். சாகசம் 1913-இல் சேர்ந்தது. செப்டம்பரில் கீவ் நகரில் ரஷ்ய ராணுவ விமானி பியோத்தர் நெஸ்தெரோவ் முதன்முதலாக வானில் முழுக் கரணம் அடித்தார். அரசுச் சொத்துக்கு ஆபத்து விளைவித்ததாகப் பரிசுக்குப் பதில் தண்டனைதான் முதலில் கிடைத்தது. சில நாட்களில் பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் பெகூ அதையே செய்து காட்டி உலகப் புகழ் பெற்றார். முதல் உலகப் போர் முடிந்ததும் வேலையற்ற விமானிகளும் விலைமலிந்த போர் விமானங்களும் மிஞ்சியதால் ஊர் ஊராகப் போகும் பறக்கும் சர்க்கஸ்கள் கிளம்பின.

அப்படி இந்தியாவுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் நெவில் வின்சென்ட். 1920களின் இறுதியில் நண்பர் நியூவாலுடன் இரண்டு பழைய டி.ஹெச்.9 விமானங்களைக் கொண்டுவந்து, காசு வாங்கிக்கொண்டு மக்களை ஏற்றிச் சுற்றிக் காட்டினார். அந்தச் சுற்றுப்பயணத்தில்தான் இந்தியாவின் தூரங்கள் அவருக்குப் புரிந்தன. விமானத் தபால் திட்டத்தை டாட்டாவிடம் கொண்டுபோனார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டிவந்த தபாலை, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தவர் இதே வின்சென்ட். வேடிக்கை காட்டியவர் தபால்காரர் ஆனது இந்திய விமான வரலாற்றில் மிக ருசியான திருப்பம் என்பேன்.

இந்தியர்கள் கலந்துகொண்ட முதல் பெரிய போட்டி திடலில் நடக்கவில்லை, கண்டங்களுக்கு நடுவே நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு தருவதாக இஸ்மாயிலி சமயத் தலைவர் ஆகா கான் அறிவித்தார். 1930 மே மாதம் டாட்டா கராச்சியிலிருந்து புறப்பட்டார். பதினேழு வயது ஆஸ்பி எஞ்சினியர் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார். எகிப்தின் அபுகீரில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் முடங்கிக் கிடந்த எஞ்சினியருக்கு, போட்டியாளரான டாட்டா தன்னிடமிருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்துவிட்டுப் போனார். எஞ்சினியர் முந்திக்கொண்டார், பரிசும் அவருக்கே. பின்னாளில் அவர் இந்திய விமானப்படைத் தளபதியானார். மூன்றாமவர் மன்மோகன் சிங், கெடு தவறியதால் பரிசை இழந்தார்.

இதே காலத்தில் அரசு மானியத்தோடு பறக்கும் சங்கங்கள் தோன்றின. 1930 வாக்கில் சென்னை ஃபிளையிங் கிளப் உருவாகி, மீனம்பாக்கம் விமானிகள் பழகும் இடமானது. சங்கங்களின் மாத் ரக விமானங்கள் இரட்டை இறக்கை கொண்டவை. இறக்கையை மடித்துக் கொட்டகையில் நிறுத்தலாம். டெல்லியில் வைஸ்ராய் கோப்பைக்கான பந்தயம் வந்தது. வேகம் குறைந்த விமானத்தை முன்கூட்டியே கிளப்பிவிட்டு, வேகமானதைக் கடைசியில் விடுவதே இத்தகைய பந்தயங்களின் முறை. எல்லோரும் கடைசிக் கம்பத்துக்கு ஏறக்குறைய ஒன்றாக வந்து சேருவதால் கூட்டத்துக்கு விறுவிறுப்பு. 1933 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் விமானி சி.டி. பார்னார்டு, பெரிய ஃபாக்கர் விமானம் ஒன்றும் சேர்ந்த குழுவுடன் இந்தியாவில் காட்சிச் சுற்றுப்பயணம் நடத்தினார்.

இரண்டாம் உலகப் போர் இந்த வகைக் காட்சிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மன்மோகன் சிங் 1942-இல் ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில் ஜப்பானியத் தாக்குதலில் மாண்டார். வின்சென்டும் அதே ஆண்டு விமானப் பயணத்தில் காணாமல் போனார். சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை விமானித் தம்பதியான வி. சுந்தரமும் உஷா சுந்தரமும் லண்டனிலிருந்து 27 மணி நேரத்தில் பம்பாய்க்கு ஓட்டிவந்ததே தென்னகம் பேசிய வேகச் சாதனை.

இன்று காட்சி விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது. 1996-இல் உருவான சூரியகிரண் குழுவும் சாரங் ஹெலிகாப்டர் குழுவும் அதன் முகங்கள். பந்தயம் இதில் இல்லை. ஒன்பது விமானங்கள் ஒட்டிப் பறப்பதுதான் வித்தை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் 92-ஆம் ஆண்டையொட்டி நடந்த காட்சிக்கு லட்சக்கணக்கானோர் திரண்டனர். வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்தனர். குடிநீர், ரயில் ஏற்பாடுகள் குறித்து அரசியல் சர்ச்சை எழுந்தது.